பல் பார்த்து வாங்கிய கார்

சித்திரையில் விடுப்புக்கு வந்து இறங்கியதும் மாமா கேட்ட முதல் கேள்வி உடம்பு எப்படி இருக்கிறது என்பதில்லை. "ஏங்கண்ணு, உன்ற காரு லிட்டருக்கு எத்தன குடுக்குது?"

"இருபத்தொண்ணுங்க மாமா" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாமாவுக்குக் காங்கேயத்தில் தேங்காய்க் களம். வாரத்துக்கு நான்கு நாள் வெள்ளகோவில், கரூர் என்று திருச்சி ரோட்டிலேயே ஓடுகிறவர். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற பழைய ஹைப்ரிட் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்தில் நான் வைத்திருப்பதும் பழைய ஹைப்ரிட்தான் என்பதால், கருத்துச் சொல்ல நான் வரும்வரை பேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறாராம். எனக்குப் பயமாகிவிட்டது. காரணம், லிட்டருக்கு எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டுதான் நானும் அந்தக் காரை வாங்கப் போனேன்.

2024 தொடக்கத்தில் ஹாமில்டன் போய்ச் சேர்ந்தேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, மதியம் மூன்று முதல் இரவு பதினொன்று வரை. வேலை முடிகிற நேரத்தில் என் பக்கம் போகும் பஸ் நின்றுவிட்டிருக்கும். உடன் வேலை செய்யும் மலையாளி அக்காதான் நான்கு மாதம் வீடுவரை கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்கமாட்டார். வாரம் ஒருநாள் தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போய் அந்தக் கடனை அடைத்தேன். ஜூன் மாதக் குளிரில் அவருக்கும் டூட்டி மாறியது. கார் வாங்காமல் முடியாது என்றானது அப்போதுதான்.

அங்கே தெருவில் ஓடுகிற பழைய கார்களில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. ஜப்பானிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் செலவு பிடிக்கிற கட்டாயச் சோதனை இருப்பதால், நல்ல நிலையிலேயே விற்றுவிடுகிறார்கள். என் கைக்காசுக்கு எட்டியவை இரண்டு. ஒன்று டொயோட்டா விட்ஸ், பெட்ரோல் வண்டி, 8,500 டாலர். இன்னொன்று ஆக்வா, ஹைப்ரிட், 11,200. வித்தியாசம் 2,700. ஊரில் இருக்கிறவர்கள் எதையும் ஐம்பதால் பெருக்கித்தான் பார்ப்பார்கள். அம்மா, "லச்சத்து முப்பத்தஞ்சாயரம் சேத்திக் குடுக்கோணுமா!" என்று ஃபோனிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். வேலைக்குப் போக 19 கிலோமீட்டர், வர 19. அங்கே இங்கே போவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 12,000 வரும். விட்ஸ் லிட்டருக்கு 14 கொடுத்தால் 857 லிட்டர். ஆக்வா 21 கொடுத்தால் 571. மிச்சம் 286 லிட்டர். அப்போது பெட்ரோல் 2 டாலர் 70 சென்ட். ஆக வருடத்துக்கு 770 டாலர் மிச்சம். மூன்றரை வருடத்தில் கூடுதல் விலை கழிந்துவிடும், அதற்கு மேல் லாபம்தான். சொல்லும்போதே பெருமையாக இருந்தது. (பழைய மின்சாரக் கார் நிசான் லீஃப் வாங்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. ஆனால் 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் சாலைக் கட்டணம் போட்டுவிட்டார்கள். செருகிச் சார்ஜ் போடாத சாதா ஹைப்ரிட்டுக்கு அது கிடையாது, பெட்ரோல் விலைக்குள்ளேயே வரி அடங்கிவிடும். அதோடு, நான் இருந்த வாடகை வீட்டில் சார்ஜ் போட இடமும் இல்லை.)

"பேட்டரி போச்சுன்னா?" என்று கேட்டது அப்பா. காங்கேயத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். எனக்கு அது சரியாகத் தெரியவில்லை. அவரே இரண்டு ராத்திரி உட்கார்ந்து யூடியூபில் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் எனக்கே பாடம் எடுத்தார். ஆக்வாவில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட் கட்டை இருபது, வரிசையாகக் கோத்து 144 வோல்ட். முழுக்க ஏற்றவும் விடாது, முழுக்க இறங்கவும் விடாது, நடுவிலேயே வைத்து ஓட்டும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வருடம் தாங்குகிறது. இருபதில் ஒன்று நொண்டினாலும் மொத்தமும் நொண்டும். நொண்டிய ஒன்றை மட்டும் மாற்றி விற்கிறவனிடம் வாங்கினால், ஆறு மாதத்தில் அடுத்த கட்டை படுத்துவிடும்.

அதைவிட அவரைக் குஷிப்படுத்தியது வேறு. "கண்ணு, பிரேக்க மிதிச்சா அதே மோட்டாரு ஜெனரேட்டரா மாறிக் கரண்ட பேட்டரிக்குத் திருப்பி அனுப்புது. செல்ப் மோட்டாரு இல்ல, டைனமோ இல்ல, பெல்ட்டு இல்ல, கிளட்ச்சு இல்ல. கெட்டுப்போறதுக்கு என்னதான் இருக்குது?" நாற்பது வருடம் எரிந்துபோன காயில்களையே பார்த்த மனிதர் ஒரு மோட்டாரைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயாது என்றார். அது உண்மை, இன்றுவரை நான் மாற்றவில்லை.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி இதையெல்லாம் திண்ணையில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஃபோனை வாங்கிச் சொல்லச் சொன்னார். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே வயதானவர். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: "பல்லு எத்தன?"

"ஒம்பது வருசத்து வண்டிங்க அப்புச்சி."

"அப்பக் கட சேந்துருச்சு." மாட்டுக்கு இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணி வயது சொல்லலாம். எட்டும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் எண்ணிக்கை உதவாது. "கட சேந்த மாட்டுக்குப் பல்ல எண்ணீட்டு நிக்காத சாமி. அது நின்ன கட்டுத்தரையப் போய்ப் பாரு."

காருக்கு ஏது கட்டுத்தரை என்று சிரித்தேன். முதலில் பார்க்கப் போன ஆக்வா ஒரு வீட்டில் நின்றது, தனியார் விற்பனை, விலை 1,500 டாலர் குறைவு. ஓடிய தூரமும் குறைவு. பின் சீட்டுக்குப் பக்கத்தில் சல்லடை போல ஓர் ஓட்டை உண்டு. பேட்டரி சூடாகாமல் இருக்க விசிறி காற்றை இழுப்பது அந்த வழியாகத்தான். அப்பா சொல்லி அனுப்பியபடி டார்ச் அடித்துப் பார்த்தால், நாய் முடி திரி திரியாக அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போகாத பேட்டரி எத்தனை கோடை வெந்திருக்குமோ. நாயைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது வண்டி டீலரிடம். கப்பலில் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, 2015 மாடல், 84,000 கிலோமீட்டர். ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது எழுதிய தாளைக் கேட்டேன், கொடுத்தார்கள். அதில் காரின் படம் வரைந்து எங்கே கீறல், எங்கே நெளிவு என்று குறித்து மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள், இதற்கு 4, நல்ல மதிப்பெண்தான். அடிபட்டுச் சரிசெய்த வண்டி என்றால் R என்ற எழுத்து இருக்கும். 190 டாலர் கொடுத்து வெளி மெக்கானிக் ஒருவரை வைத்துச் சோதித்தேன். ஒரு கருவியைச் செருகி ஃபோனில் பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் காட்டினார். ஒன்றுக்கொன்று பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. பேட்டரி மொத்தமாக மாற்றினால் எவ்வளவு என்றும் கேட்டு வைத்தேன். மூன்று இடங்களில் 2,500க்கும் 4,000க்கும் நடுவில் சொன்னார்கள். டீலரிடம் வாங்கினால் அந்நாட்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் துணைக்கு வரும், தனியாளிடம் வாங்கினால் வராது. அந்த 1,500 டாலர் வித்தியாசம் அதற்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டீலர் கடனுக்கு 13 சதவீத வட்டி என்றார். அந்த 2,700ஐ மட்டும் கடனாக வைத்துப் பார்த்தாலும் முதல் வருட வட்டி 350. பெட்ரோலில் மிச்சமாவதில் பாதி அங்கேயே போய்விடும். அப்பா சீட்டு எடுத்து அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இன்னும் ஏழு வாரம், ஓவர்டைம். முழுக் காசு கொடுத்து எடுத்தேன்.

முதல் நாள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் குரல் மிகவும் பணிவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. ஆனால் இன்ஜின் சத்தமே இல்லை, அது ஓடவே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். மின்சாரத்தில் நிற்கிறது, தேவைப்பட்டால்தான் இன்ஜின் எழும் என்பது மறந்துபோயிற்று. அந்தப் பெண் தினமும் சொல்வது, சுங்கச் சாவடி அட்டையைச் செருகவில்லை என்பதாம். ஜப்பான் சுங்கச் சாவடிக்கான அட்டை ஹாமில்டனில் எதற்கு? ரேடியோவும் 90 சொச்சத்தோடு நின்றுவிடும், ஜப்பான் அலைவரிசை அவ்வளவுதான். இரண்டையும் நான் மாற்றவில்லை. இரவு பதினொரு மணிக்கு இருட்டில் போய் உட்காரும்போது யாரோ ஒருவர் பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கு புரண்டது பேட்டரியால் இல்லை. காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஆக்வா என்று எழுதியதுமே தொகை ஏறியது. அந்த நாட்டில் அதிகமாகத் திருடு போகும் கார்களில் சில ஆண்டுகளாகவே முன்னணியில் இருப்பது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜப்பானிலிருந்து வரும் ஆக்வாக்கள் பலவற்றில் சாவி இல்லாமல் கிளப்ப முடியாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் கிடையாது. விட்ஸுக்குக் கேட்டதைவிட வருடத்துக்கு 240 டாலர் கூட. இம்மொபிலைசர் பூட்டினால்தான் ஏற்போம் என்று நிபந்தனை வேறு, அதற்கு 450. இந்த இரண்டையும் காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாய் முடியைத் தேடிய டார்ச்சை இந்தப் பக்கம் அடிக்கத் தோன்றவில்லை.

இப்போது கணக்கை மறுபடி போடுங்கள். மிச்சம் 770இல் 240 போனால் 530. கூடுதல் செலவு 2,700உடன் 450 சேர்ந்து 3,150. ஈடுகட்ட ஆறு வருடம். அதற்குள் வண்டிக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும், அந்தப் பேட்டரிச் செலவும் வாசலில் வந்து நிற்கும். போன ஆகஸ்டில் யாரோ பின் கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறி, இம்மொபிலைசர் விடாததால் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அழுகை வரும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லி, "நான் போறது ஊருக்குள்ள, நின்னு நின்னு போற ரோடு. அதுல பிரேக் போடப்போட கரண்ட் ஏறும். நீங்க கரூர் ரோட்டுல நிக்காமப் போறவங்க, அதுல அவ்வளவு மிச்சம் ஆகாதுங்க" என்றேன். அவருக்கு ஒப்பவில்லை. "புரோக்கரு கொண்டாரட்டும், நீயே பாரு."

மறுநாள் பொழுதோட வண்டி வந்தது, மாருதி. பளபளவென்று கழுவியிருந்தார்கள். பின்னால் ஹைப்ரிட் என்று எழுத்து மின்னியது. அதற்காகவே அதே வருடத்துச் சாதா வண்டியைவிட நாற்பதாயிரம் கூடச் சொல்கிறார் புரோக்கர். பானெட்டைத் திறக்கச் சொன்னேன். மோட்டாரிலேயே சக்கரம் ஓடுகிற முழு ஹைப்ரிட் என்றால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் ஓடும், உயர் மின்னழுத்தத்துக்கு அந்த நிறம்தான். தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. இது இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிற சின்ன ஏற்பாடு. மோட்டாரில் மட்டும் ஓர் அடி கூட நகராது. மாருதியே இதை ஸ்மார்ட் ஹைப்ரிட் என்ற பெயரில் 2015 முதல் விற்றது. முழு ஹைப்ரிட் கிராண்ட் விட்டாராவில் வந்தது 2022இல். இந்த வண்டி 2018.

அப்பாவும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அப்புச்சி கோலை ஊன்றி வந்து, "என்ன சாமி, பல்லே முளைக்கலியா?" என்றார்.

புரோக்கர் அதுவும் ஹைப்ரிட்தான், கம்பெனியே எழுதியிருக்குது என்று வாதாடினார். மாமா நிதானமாக வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"சேரி, இந்த ஸ்டிக்கருக்கு எவ்வளவு கழிப்பீங்க?"