குடும்பிமலைப் பாதைக்கு ஒரு பழைய லாண்ட்ரோவர்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல் ஆலை வைத்திருந்த ஒருவரிடமிருந்து அப்பா வாங்கி வந்த லாண்ட்ரோவர், எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ் ஒன்றரை வருடம் நின்றது. 1979ஆம் ஆண்டு வண்டி. முன்பின் அச்சுகளுக்கிடையே 88 அங்குலம் கொண்ட சீரீஸ் 3 வகை, 2286 சிசி டீசல் எஞ்சின். அதனைத் திருத்திக் கிரான் வழியாகக் குடும்பிமலைக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது என் ஆசை. உன்னிச்சை, உறுகாமம் பக்கக் குளக்கட்டுகளில் இருபத்தைந்து வருடம் ஜீப் ஓட்டிய அப்பாவுக்கோ அந்தப் பாதையின் சேறு மனப்பாடம்.

நான் முதலில் எழுதிய பட்டியலில் உயர்த்திய ஸ்பிரிங், அகலமான ரயர், கூரை விளக்குகள் எல்லாம் இருந்தன. அப்பா அதனை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். "புதுசா ஒண்டும் பூட்டாத மகள், முதல்ல சேசிஸுக்குக் கீழ படுத்துப் பார்" என்றார்.

படுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. 1948இல் முதல் லாண்ட்ரோவர் வந்த காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்ததனால் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பின்னாளிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. ஆகவே வெளியே பளபளப்பாகத் தெரியும் வண்டியின் உருக்குச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், பெட்டி வடிவில் உள்ளே வெறுமையாக இருப்பதனால், வயற்சேற்றையும் வாவிக்காற்றின் உப்பீரத்தையும் வருடக்கணக்காகச் சுமந்து உள்ளிருந்தே உக்கிவிடுகிறது. எங்கள் வண்டியின் பின்குறுக்குச் சட்டம் விரலால் குத்தினாலே உதிர்ந்தது. முன்பு ஏதோ ஒரு கராஜில் துருவின் மேலேயே மெல்லிய தகட்டை ஒட்டவைத்துக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். சேற்றில் புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் இடம் அது என்பதனால், அந்த வேலையைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முழுச் சட்டத்தையும் வெட்டி எடுத்துத் தடித்த உருக்கில் புதிதாகச் செய்வித்தோம். சேசிஸின் உட்புறத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவியபோது இரண்டு வாளிக்குக் குறையாத மண் வந்தது.

ஸ்பிரிங் பிளேட்டுகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, இடையில் கிராபைட் கிறீஸ் பூசி மீண்டும் அடுக்கியதோடு, உயர்த்தாமலேயே வண்டி நிமிர்ந்து நின்றது. ரயருக்கு அப்பா பழைய 7.50-16 அளவையே சொன்னார். எங்கள் பக்கத்துச் சேறு மேலே இளக்கமாகவும் அடியில் இறுக்கமாகவும் இருப்பதனால், ஒடுங்கிய ரயர் அதை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும் என்பது அவருடைய வாதம். நான் தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். இப்போது அதைவிட்டு மாறமாட்டேன்.

எங்கள் மாற்றங்களில் பெரும்பகுதி தண்ணீருக்காகச் செய்தவையே. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான சீல்களின் ஓரத்தால் நீரை உறிஞ்சிவிடும். நீர் கலந்த ஒயில் பால்போல வெளுத்துப் பல்சக்கரங்களைத் தின்னும். அதனைத் தடுக்க இரண்டு அச்சுகளின் காற்றுத் துவாரங்களிலிருந்தும் மெல்லிய குழாய்களை எஞ்சினறையின் மேற்பகுதிவரை கொண்டுவந்தோம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லாததனால் நனைவதால் நின்றுவிடாது. ஆனால் காற்று இழுக்கும் வழியால் நீர் புகுந்தால், நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டே வளைந்துபோகும். ஆகையால் அந்த வழியையும் கூரையளவுக்கு உயர்த்தினோம்.

முன்சில்லுகள் திரும்ப உதவும், உள்ளே ஒயில் நிற்கும் குரோம் உருண்டைகளில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. துரு குழிகுழியாக அரித்திருந்தது. இரண்டையும் மாற்றச் சொன்னார் அப்பா. வலப்பக்கத்துக்குக் கொழும்பிலிருந்து ஒன்று கிடைத்தது. இடப்பக்க உருண்டையின் குழிகளை நானே பசையால் நிரப்பி, தேய்த்து, புதுச் சீலைப் பூட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதத்து ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி என்று நெடுஞ்சாலையில் போய்க் கிரானில் மேற்கே திரும்பினோம். மாரியில் புலிபாய்ந்தகல் பக்கத்துப் பாதை வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் தோணியில் போய்வருவது அடிக்கடி நடப்பது. அன்று நீர் மேலால் பாயும் தாழ்வான வழியான தாம்போதியில் முழங்காலளவு நீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியால் தரையைத் தட்டியபடி அக்கரைவரை நடந்து திரும்பினார். பிறகு நீர் உள்ளே புகாதிருக்கக் கிளச் வீட்டின் அடித்துளையில் அதற்கென்றே உள்ள அடைப்பாணியைப் பூட்டச் சொன்னார். நான்கு சில்லுகளுக்கும் மெதுவான, வலுவான இழுவை தரும் சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்து, முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் இறங்கினேன். முன்னால் எழுந்த சிற்றலை எங்களோடு ஒரே சீராக நகர்ந்தது. அக்கரையில் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடியே சிறிது தூரம் ஓட்டி, நனைந்த ட்ரம்களைக் காயவைத்தேன்.

மாட்டுப் பட்டிகளையும் காட்டோரத்துச் சேற்றையும் கடந்து போனபோது, பெயருக்கேற்பக் குடுமி முடிந்த தலைபோலக் குடும்பிமலை எழுந்து நின்றது. அடிவாரத்தில் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டோம். வழியில் ஓர் இடத்தில் மட்டும் பின்சில்லுகள் சுழன்றன. முன்சில்லுகள் இழுத்து எடுத்தன.

மறுநாள் காலையில் அப்பா ஒவ்வோர் ஒயில் ஆணியாகக் கழற்றினார். இரண்டு அச்சுகளிலும் ஒயில் தேன்நிறத்தில் இருந்தது. வலப்பக்க உருண்டையிலும் அப்படியே. இடப்பக்கத்திலிருந்து வழிந்தது மட்டும் வெளுத்திருந்தது. நான் நிரப்பிய பசை ஓரிடத்தில் பெயர்ந்து, குழியின் விளிம்பு சீலை அறுத்திருந்தது. அப்பா விரலைத் துணியில் துடைத்துவிட்டு, ஜாக்கியை எடுத்து வரச் சொன்னார்.