அணிக்கோவையைப் பரப்பளவாகப் பார்த்தால் பாதி சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்

எண்களை நிரை, நிரல்களாக அடுக்கினால் அணி (matrix); சதுர அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண் அணிக்கோவை (determinant). பன்னிரண்டாம் வகுப்பு வரை அது குறுக்கே பெருக்கிக் கழிப்பதுதான். மதிப்பெண்ணுக்கு அது போதும். கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் வந்ததும், ஜாம் (JAM), கேட் (GATE) போன்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும்போதும் போதாது. "எது எப்போதும் உண்மை?" என்று கேட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

எனக்கு உதவியது வரைபடத்தாள். ஆதியிலிருந்து (3,1), (1,2) இரண்டுக்கும் வெக்டர் வரைந்து இணைகரத்தை முடியுங்கள். அதன் பரப்பு 3×2 − 1×1 = 5. இவ்விரண்டையும் நிரைகளாகக் கொண்ட அணி ஓரலகுச் சதுரத்தை அந்த இணைகரமாக்குகிறது. சதுரம் என்றில்லை, வட்டமோ முக்கோணமோ எதைக் கொடுத்தாலும் பரப்பு 5 மடங்காகும். அந்த மடங்குதான் அணிக்கோவை. விடை குறை எண்ணானால் உருவம் இடவலம் புரண்டிருக்கிறது. நிரைகளை இடம் மாற்றினால் குறி ஏன் மாறுகிறது என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

இனிப் பண்புகளைப் பாருங்கள். ஒரு நிரையோடு இன்னொன்றின் மடங்கைக் கூட்டினால் மதிப்பு மாறாது: சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் சரித்தால் கன அளவு மாறுமா? அணிக்கோவை 5 உள்ள 3×3 அணியை 2ஆல் பெருக்கினால் 10 அல்ல, 40. மூன்று திசையிலும் இரட்டிப்பாகிறதே. 2×2 அணியின் அணிக்கோவை பூச்சியம் என்றால் தளம் கோடாகவோ புள்ளியாகவோ நசுங்கிவிட்டது, திரும்ப விரிக்க வழியில்லை, எனவே நேர்மாறு இல்லை.

சமன்பாடுகளை அணிக்கோவைகளால் தீர்க்கும் கிராமர் விதியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. டெல்டா (கெழுக்களின் அணிக்கோவை) பூச்சியம் என்றதும் "தீர்வு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். எண்ணற்ற தீர்வுகளும் இருக்கலாம். அணித்தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாடநூலில் அணி முதலில், அணிக்கோவை பிறகு. வரலாறு தலைகீழ்! ஜப்பானில் செக்கி தகாகசு 1683இலும், ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1693இலும் சமன்பாடுகளிலிருந்து மாறிகளை நீக்கப் போய் அணிக்கோவையைத் தொட்டார்கள். அணிக்குச் சில்வெஸ்டர் பெயர் வைத்ததே 1850இல்தான்.

பெரிய அணிகளை விரித்துக் கணக்கிட உட்காராதீர்கள். 10×10 அணியை முழுக்க விரித்தால் 36,28,800 உறுப்புகள். நிரைச் செயல்களால் முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்தால் சில நூறு பெருக்கல்களில் முடியும்.

ஐகன் மதிப்பு (சில வெக்டர்களை அணி வெறுமனே பெருக்கும் மடங்கு) பற்றிய கேள்விகளில் விடைத் தெரிவுகளை முதலில் வடிகட்டுங்கள்: ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன் அணிக்கோவை, கூட்டுத்தொகை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல். மேலே (3,1), (1,2) கொண்டு அமைத்த அணிக்கு இரண்டுமே 5. பெரும்பாலும் ஒரு தெரிவுதான் மிஞ்சும், சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியே இருக்காது.