டெல்டா வியாபாரிக்கு வக்கீல் பார்க்கும்போது

கும்பகோணத்துப் பித்தளைப் பட்டறைக்கும் மன்னார்குடி ரைஸ் மில்லுக்கும் வியாபார வக்கீலின் ஞாபகம் பணம் மாட்டிக்கொண்ட பிறகுதான் வருகிறது. அதற்குள் பல கேஸ்கள் தேதி தவறியே செத்துப்போகின்றன. மனசு வலிக்கிறது, ஏனென்றால் சரக்கு போனதும் உண்மை, பாக்கி நிற்பதும் உண்மை.

செக் ரிட்டர்னை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். "அறுவடை முடியட்டும், தந்துடறேன்" என்ற பேச்சிலேயே அந்த 30 நாள் ஓடிவிடும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். அது முடியுமுன் கோர்ட்டில் புகார் போட்டால் நிற்காது. முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது. ஆனால் செக் தேதியிலிருந்து 3 மாதம் ஆகவில்லையென்றால் அதையே மறுபடி பேங்கில் போடலாம்; திரும்பினால் புதிதாக 30 நாள். நோட்டீஸில் செக் தொகையைத் தனியாகக் கேளுங்கள். பழைய பாக்கி, வட்டி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் கேஸ் அங்கேயே ஆட்டம் காணும். செக் திரும்பியதற்கு பேங்க் தரும் சீட்டான ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த அன்றே அதன் பின்பக்கம் தேதியைக் குறித்துவிடுங்கள்.

செக் இல்லாத பாக்கிக்கு வழக்குப் போடக் கெடு பொதுவாக 3 வருடம். அதற்குள் பாக்கி வைத்தவரிடம் லெட்ஜர் நகலில் "பாக்கி சரி" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து இன்னொரு 3 வருடம். கெடு முடிந்த மறுநாள் வாங்கிய கையெழுத்து இந்த நீட்டிப்பைத் தராது.

கூட்டு வியாபாரத்தில் பத்திரம் எழுதிப் பீரோவில் வைத்தால் போதாது. பதிவு செய்யாத ஃபர்ம், சரக்கு வாங்கியவர் மேல் ஒப்பந்தப்படி பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்டபின் பதிவு செய்வதும் அதைக் காப்பாற்றாது. அண்ணன், தம்பி இருவர் மட்டும் பார்ட்னர் என்றால் ஒருவர் இறந்த அன்றே ஃபர்ம் கலைந்துவிடும். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து, இறப்புக்குப் பிறகும் தொடரும் என்று எழுதிக்கொள்வது நல்லது.

டெல்டாவில் களமும் குடோனும் கோயில் மனையில் நிற்பது சகஜம். அறநிலையத்துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதியின்றிச் செல்லாது. தர்மகர்த்தா கையெழுத்து மட்டும் போதாது. அங்கே லட்சக்கணக்கில் மெஷின் இறக்குமுன் அனுமதி உத்தரவைக் கண்ணால் பாருங்கள்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் உங்கள் ஆடிட்டரிடம் விசாரியுங்கள். பத்திரம் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. சிவில் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்த அனுபவம் வேண்டும், லெட்ஜர் படிக்கத் தெரிய வேண்டும். முதல் சந்திப்புக்கு பில், லாரி ரசீது, லெட்ஜர், மெமோ நாலையும் ஒரிஜினலாகவே கொண்டுபோங்கள். அவர் முதலில் தேதிகளைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.