எங்கள் தெருக் கழிவுநீருக்கு வழி பிறந்த கதை

வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது, சாக்கடைப் பிரச்சினை ஆரம்பித்தது. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவியபின் அதில் பெரும்பகுதி வாசலுக்குத்தானே வரும்? எங்கள் தெருவில் அது கிழக்குக் கோடியில் குட்டையாகத் தேங்கி நின்றது.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊர்களுக்குக் கழிவுநீர் மேலாண்மைக்கென்றே தலைக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. அதில் 30 சதவீதத்தை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும்.

கழிவுநீருக்கு ஓர் அமைப்பு கட்டக் கிராம சபையில் தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. அலுவலகத்தில்தான் இழுத்தடித்தார்கள். தீர்மானத்தில் 'தெருவுக்குக் கிழக்கே உள்ள காலியிடம்' என்று இருந்ததால், சர்வே எண் இல்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். எண்ணைச் சேர்த்துக்கொண்டு போனால், "இது ஓடைப் புறம்போக்காச்சே, இதுல கட்ட முடியாது" என்றார். எந்த இடம் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலை அதிலேயே தள்ளிப்போனது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

தீர்மானம் எழுதும் முன்பே 'அ' பதிவேட்டைப் பாருங்கள், நிலம் என்ன வகை என்று அதில் இருக்கும். வருவாய்த் துறை இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்தை அப்போதே மறந்துவிடுங்கள். நாங்கள் கடைசியில் ஊரை ஒட்டிய நத்தம் புறம்போக்கைப் பிடித்தோம்.

அடுத்து எஸ்டிமேட். எல்லா ஊருக்கும் போடுகிற அதே உறிஞ்சு குழியை எங்களுக்கும் போட்டிருந்தார்கள். எங்களுடையது கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ஊற்றினால் மடமடவென்று குடிக்கும். நனைந்து உப்பிவிட்டால் சொட்டுகூட இறங்காது. அதனால் ஓவர்சியரிடம், "அண்ணே, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு குழி தோண்டிப் பார்த்துருவோம்" என்று கேட்டேன். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, ராத்திரி முழுக்க மண் ஊறட்டும் என்று நிரப்பி வைத்தோம். காலையில் மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு நட்டோம். மத்தியானம் அவர் வந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டை விட்டு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "சரி, டிசைனை மாத்திருவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நாள் காத்திருந்தோம்! ஊறவைக்காமல் சோதித்தால் கரிசல் ஏமாற்றிவிடும், மறக்காதீர்கள்.

இப்போது இருப்பது முதலில் ஒரு வண்டல் தொட்டி, அடுத்து சிமெண்டுத் தளம் போட்ட ஜல்லிப் படுகை, அதில் கல்வாழை. வெளியே வருகிற தண்ணீர் தென்னைக்குப் போகிறது. கட்டுமானம் பிரச்சினையில்லாமல் முடிந்தது.

ஆனால் தண்ணீர் விட்ட பிறகுதான் நாற்றம் வந்தது. பார்த்தால், சில வீடுகளில் செப்டிக் டேங்க் வழிகிற குழாயை வடிகாலில் சொருகியிருக்கிறார்கள். இந்த அமைப்பு குளியல், சமையல் தண்ணீருக்கானது, மலக்கழிவைத் தாங்காது. பக்கத்து வீட்டு மதினியே முதலில் சண்டைக்கு வந்தார். கொட்டாங்கச்சியில் அந்தத் தண்ணீரை மொண்டு காட்டினேன். பேசாமல் உள்ளே போனவர், மறுவாரம் குழாயை எடுத்துவிட்டுத் தனியாக வேறு ஏற்பாடு செய்துகொண்டார். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

வண்டல் தொட்டியை யார் அள்ளுவது, எந்தக் கணக்கில் கூலி என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு அது இல்லாததால், தொட்டி நிரம்பும்போதெல்லாம் ஊராட்சியிடம் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வருகிற கிராம சபையில் அதைத்தான் முதலில் வைக்கப் போகிறோம்.