சான்றிதழ் பார்க்க ஒரு மணி நேரம், ஆளைப் பார்க்கப் பத்து நிமிடம்

மத்தியப் பல்கலைக்கழகத்தில் எஸ்சி ஒதுக்கீட்டில் உதவிப் பேராசிரியர் ஆக நினைப்பவர், தம் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் காலியிடப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் சுற்றறிக்கை வந்தபோது நான் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் முழுவதற்கும் எத்தனையாவது பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் ஒரே சுழற்சிப் பட்டியல் இருந்ததை மாற்றி, துறைவாரியாகக் கணக்கிடச் சொன்னது அந்தச் சுற்றறிக்கை. நான்காவது இடம் ஓபிசிக்கு, ஏழாவது எஸ்சிக்கு, பதினான்காவது எஸ்டிக்கு. ஆறு பேர் உள்ள துறையில் எங்களுக்கு இடமே கிடையாது. சிறிய துறைகள்தாம் அதிகம் என்பது கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன? போராட்டங்களுக்குப் பிறகு 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் ஜூலையில் நிரந்தரச் சட்டமும் வந்து பழைய முறை திரும்பியது. அதன் பிறகே என்னைப் போன்றவர்களுக்கு விண்ணப்பிக்க இடம் கிடைத்தது.

தாள் வேலை அலுப்பானது. இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழ் போதாது, இந்திய அரசின் படிவத்தில் வேண்டும் என்றார்கள். படிவத்தை நானே அச்செடுத்துக்கொண்டு போய் வட்டாட்சியரிடம் கையெழுத்து வாங்கினேன்.

நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதற்கு யுஜிசியின் 2018 விதிமுறையில் நூறு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு 30, உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் உடன் தேறியிருந்தால் 7, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் 2, அதுவும் அதிகபட்சம் 10. என் மதிப்பெண் பட்டியலின் மேல்பகுதியில் இருந்தது. ஆனால் அந்த நூறும் அறை வாசல்வரைதான். இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து என்று அதே விதிமுறை சொல்கிறது.

வாசலில் ஓர் எழுத்தர் பத்தாம் வகுப்பு முதல் எல்லா அசலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே பத்து நிமிடம்கூட இல்லை. ஆய்வைப் பற்றி ஒருவர் கேட்டார். இன்னொருவர் கோப்பைப் புரட்டியபடியே, "ஜேஆர்எஃப் ஒதுக்கீட்டில் வந்ததா?" என்றார். "ஆமாம், ஐயா. கட்டுரைகள் ஒதுக்கீட்டில் வரவில்லை" என்றேன். குழுவில் எங்கள் பிரிவினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தார், வாயே திறக்கவில்லை.

முடிவில் என் பெயரும் இல்லை, வேறு யார் பெயரும் இல்லை. 'தகுதியானவர் எவரும் கண்டறியப்படவில்லை' என்ற ஒரு வரி. அழைக்கப்பட்ட அத்தனை பேரும் அவர்களுடைய அட்டவணையில் தேறி வந்தவர்கள்தாம்.

பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி என் நேர்காணல் மதிப்பெண்ணையும் குழுவின் கூட்டக் குறிப்பையும் கேட்டேன். முதலில் ரகசியம் என்றார்கள். முதல் மேல்முறையீட்டில் என் மதிப்பெண்ணை மட்டும் கொடுத்தார்கள். தகுதியின்மைக்கு எழுதப்பட்ட காரணம் என்று எதுவும் தரப்படவில்லை. பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே கோப்போடு போனேன். அங்கே கரும்பலகையில் ஒரு பாடம் நடத்தச் சொன்னார்கள், கேள்விகளும் அதிலிருந்தே வந்தன. வேலை கிடைத்தது. பழைய இடத்துப் பணியிடம் மறு அறிவிப்பில் அப்படியே வந்திருக்கிறது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கூட்டக் குறிப்பைக் கேட்கும் மனுவை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.