இன்னும் 38,000 மைல் தான்
நேத்து நைட்டு அஸ்தம்பட்டி வீட்ல பழைய பூஸ்ட் டப்பாவ திறந்து போர்டிங் பாஸ் எல்லாம் எடுத்து பாத்துட்டு இருந்தேன், பாதிக்கு மேல எழுத்தே அழிஞ்சு வெள்ளைத் தாளா போச்சு, ஆனா ஒவ்வொண்ணு பின்னாடியும் வீட்டம்மா பால்பாயிண்ட்ல தேதி போட்டு வச்சிருக்கா.

யுனைடெட் ஏர்லைன்ஸ்ல இதுவரைக்கும் நான் பறந்த கணக்கு 9,62,000 மைல். 10 லட்சம் தொட்டா ஆயுசுக்கும் கோல்டு, அதாவது அடிக்கடி பறக்குறவங்களுக்கு அவங்க தர்ற சலுகை கார்டு. டிக்கெட் விலை கணக்கில்ல, பறந்த தூரம் தான் கணக்கு, அதுவும் அவங்க விமானத்துலயே பறந்திருக்கணும். இது தெரியாம ஆரம்பத்துல நாலஞ்சு வருஷம் அவங்களோட கூட்டு வச்சிருக்குற வேற கம்பெனி விமானத்துல போயிட்டேன், அதெல்லாம் இதுல சேரல, இப்ப நினைச்சாலும் மனசு ஆறல.

டெல்லி - நியூவார்க் ஒரு தடவை சுமார் 7,300 மைல். இன்னும் மூணு தடவை போய்ட்டு வந்தா முடிஞ்சுது.

லவுஞ்சு, எக்ஸ்ட்ரா பெட்டி எல்லாம் சரி. ஆனா நான் இத விடாம துரத்துறதுக்கு காரணம் வேற, 10 லட்சம் மைல் ஆனா துணைக்கும் அதே கோல்டு உண்டு. இத்தன வருஷமா ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏத்தி விட சேலம் ஜங்ஷன் வரைக்கும் வந்து, டிரெயின் நகர்ற வரைக்கும் ஜன்னல் கம்பிய பிடிச்சுட்டே நின்னவ அவ. பேரப்புள்ளைய பாக்க போறப்போ கால் வலியோட வரிசைல நிக்காம முதல்ல ஏறணும், அவ பேர்லயும் அந்த கார்டு இருக்கணும்.

ஜனவரில அடுத்த பயணம். டிக்கெட் போட்டாச்சு.