அவுரிக்காட்டு ஐயர்மார்

டிசம்பர் 26, 2023, செவ்வாய்

கொல்கத்தாவில் மகன் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. இந்தக் குளிர் திருநெல்வேலி உடம்புக்கு ஒத்துவரவில்லை. நேற்று கிறிஸ்துமஸ். இங்கே அதற்கு ‘பொரோதின்’ என்று பெயர், பெரிய நாள். பார்க் ஸ்ட்ரீட்டில் மொய்த்த கூட்டத்தில் கிறிஸ்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேக் மட்டும் எல்லார் கையிலும் இருந்தது.

என் தாத்தா உபதேசியார், ஊர்களில் வேதம் சொல்லிக்கொடுக்கும் சபை ஊழியர். ஊர் ஊராக ஞானஸ்நானம் எடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனாலேயே இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரி ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) எனக்குப் புதிராக இருந்தார். 1793 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினவருக்கு ஞானஸ்நானத்துக்கு முதல் வங்காளி கிடைத்தது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு வருஷம்! தாத்தாவாக இருந்தால் சம்பளத்தை நிறுத்தியிருப்பார்கள்.

டிசம்பர் 28, வியாழன்

செராம்பூர். இந்தத் தேதியில் போக வேண்டும் என்றே காத்திருந்தேன். ஹவுராவில் லோக்கல் ரயில், வழியெல்லாம் ஜால்முரி என்ற காரப்பொரி விற்கிறவர் குரல். எங்கள் ஐயர்மார் பெயருக்குப் பின்னால் போடும் பி.டி. என்ற இறையியல் பட்டம் இந்த ஊர்ப் பெயரில்தான் வருகிறது. ஆனால் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

இதுவும் தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரர் வைத்திருந்த ஊர். 1845ல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. அதனால்தான் கேரி 1800 ஜனவரியில் இங்கே ஒதுங்கினார்.

ஹூக்ளிப் படித்துறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கேரிக்குக் கிடைத்த அந்த முதல் வங்காளி கிருஷ்ண பால், தச்சர். குளிக்கப் போகையில் வழுக்கி விழுந்து கை மூட்டு நழுவியது. மிஷனில் இருந்த டாக்டர் தாமஸ் மூட்டைச் சரிசெய்துவிட்டு, அப்படியே வேதத்தையும் சொன்னார். மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட அன்றே கிருஷ்ண பாலுக்குச் சாதி போயிற்று. தெருவே திரண்டு நீதிபதியிடம் இழுத்துக்கொண்டு போனது.

சில நாளில், 1800 டிசம்பர் 28 அன்று, கேரி தன் மூத்த மகன் பெலிக்ஸையும் அவரையும் இந்த ஆற்றில் இறக்கினார். மூட்டைச் சரிசெய்த தாமஸ் அன்று புத்தி பேதலித்துப் பள்ளிக்கூட அறையில் கட்டுக்காவலில் இருந்தார். இன்னொரு அறையில் கேரியின் மனைவி டாரதி, அவரும் சித்தம் கலங்கிப்போனவர். பாட்டுச் சத்தத்துக்கு மேல் இரண்டு பேரின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு ஞானஸ்நானத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

டிசம்பர் 29, வெள்ளி

இருமல். வெளியே போகவில்லை. மருமகள் துளசிக் கஷாயம் வைத்துத் தந்தாள். கேரியின் மத்னாபதி நாட்களைப் படித்தேன். இப்போது அது மால்டா மாவட்டம். அங்கே அவர் அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுக்கும் தொழிற்சாலையின் மேனேஜர், மாதம் 200 ரூபாய். 1794ல் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். சாதி போய்விடும் என்று பயந்து யாரும் குழி வெட்ட முன்வரவில்லை. கடைசியில் முஸ்லிம்கள் சிலர் வந்து வெட்டினார்கள்.

டிசம்பர் 30, சனி

மகனுக்கு லீவு. கிருஷ்ணநகர் போனோம், சியால்தாவிலிருந்து இரண்டரை மணி நேரம். 1838, 39ல் இந்த நதியா மாவட்டத்தில் கர்த்தாபஜா என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சர்ச் மிஷனரி சங்கத்தாரிடம் வந்தார்கள். சும்மா வரவில்லை, வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போயிருந்தது. நிலைமை தேறியதும் நிறையப் பேர் விலகியும் போனார்கள்.

அப்புறம் அவுரி. கேரி சம்பளம் வாங்கிய அதே அவுரியை, துரைமார் இங்கே குடியானவர் தலையில் முன்பணத்தைக் கட்டி அடித்துப் பயிர்செய்ய வைத்தார்கள். 1860 விசாரணைக் கமிஷன் முன்னால் கிருஷ்ணநகர் ஜெர்மன் ஐயர்மார் குடியானவர் பக்கம் நின்று சாட்சி சொன்னார்கள். மறு வருஷம் ஜேம்ஸ் லாங் என்ற மிஷனரி, அவுரிக் கொடுமையைச் சொல்லும் தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டதற்காக ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா கோர்ட்டிலேயே எடுத்து வைத்தார். அவர் இந்து. தாத்தாவின் கணக்கில் இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது?

ஆலயத்தில் ஒரு பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னை ‘தாதா’ என்றார், அண்ணன் என்று அர்த்தம். அவருடைய முன்னோர் அந்த வெள்ள வருஷத்தில் சேர்ந்தவர்களாம். மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, “அரிசிக்காகத்தானா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் கோபப்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “உங்கள் வீட்டில் எந்த வருஷம்?” என்றார்.

1878 என்றேன். தாது வருஷப் பஞ்சம் முடிந்த கையோடு என்று சொல்ல வாய் வரவில்லை. மகனுக்குத் தெரியும், அவன் அதையும் சேர்த்து வங்காளத்தில் சொல்லிவிட்டான். பெரியவர் தலையாட்டிவிட்டு டீ வாங்கி வரச் சொல்லி ஒரு பையனை அனுப்பினார்.

திரும்பும் ரயிலில் சர்பூரியா என்ற அந்த ஊர் இனிப்பைத் தின்றுகொண்டே மகன் கேட்டான்: “தாத்தாவோட ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல பஞ்சத்தைப் பத்தி எழுதியிருக்காப்பா?”

பேர், தேதி, ஊர் மட்டும்தான் இருக்கும் என்றேன். ராணாகாட் தாண்டும்போது பெட்டியில் கூட்டம் ஏறியது. அதற்கு மேல் பேச முடியவில்லை.